மோட்டாரை நிறுத்தவும்

திருவனந்தபுரத்தில் ஒரு குடிநீர் அலுவலகத்தில், மக்கள் தொடர்புப் பிரிவில் எனக்கு வேலை. பெயர்தான் பெரிது. குழாயில் தண்ணீர் வராதபோது திட்டுகிறவர்களின் போனை எடுக்க வேண்டும். ஏன் வரவில்லை என்று பத்திரிகைகளுக்கு மலையாளத்தில் நான்கு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். நான் நாகர்கோவில்காரி. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு மலையாளம் கற்று, பரீட்சை எழுதி, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். மதியம் சாப்பிட்டதும் பழவங்காடியில் வாங்கிய தமிழ் வாரப் பத்திரிகையைப் பிரித்துக்கொள்வேன். எங்கள் அலுவலகத்தில் தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பது அந்தச் சம்பவம் வரை எனக்கே தெரியாது.

தெரியாததற்குக் காரணம் எங்கள் எஞ்சினியர். கன்ட்ரோல் ரூம் அவர் பொறுப்பில் இருந்தது. கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம். மற்றவர்களிடம் சுத்தமான மலையாளம் பேசுவார். என்னைப் பார்த்தால் தமிழுக்கு மாறிவிடுவார். எங்கள் டைரக்டரைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமானால் அவருக்கு இந்த வசதி மிகவும் பிடிக்கும். ஆகவே அவரும் என்னைப்போலத் தமிழ் படிக்கிறவர் என்றே நினைத்திருந்தேன்.

அந்த மாதம் எங்களுக்கெல்லாம் ஒரு வகுப்பு நடந்தது. தம்பானூரில் ஒரு ஹோட்டலின் மாடியில், ஏசியை முழு வேகத்தில் வைத்து, கோட்டு போட்ட ஒருவர் பாடம் எடுத்தார். வெளிநாடுகளில் மின்சாரத்தையும் குடிநீரையும் கம்ப்யூட்டர் வழியாகவே தாக்குகிறார்கள், நம் முறை எப்போது என்பதுதான் கேள்வி என்றார். தாக்குகிறவர்கள் முதலில் திரையில் ஒரு செய்தியை அனுப்புவார்கள், பிறகு பொய்யான அளவுகளைக் காட்டுவார்கள், திரையில் தெரிவது எதையும் நம்பிவிடாதீர்கள் என்றும் சொன்னார். டைரக்டர் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே கேட்டார். நான் ஏலக்காய் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்ததும் எல்லோரும் பாஸ்வேர்டை மாற்றினோம். மாற்றியதை மறந்துவிடாமல் இருக்க மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டினோம்.

அதன் பிறகு சில நாள் கழித்து, காலையில் நான் வந்து பையை வைப்பதற்குள் கன்ட்ரோல் ரூமிலிருந்து ஆள் வந்தது. டைரக்டர் கூப்பிடுகிறாராம், உடனே வர வேண்டுமாம்.

உள்ளே போனால் திருவிழாக் கூட்டம். ஆபரேட்டராக இருந்த கண்ணூர்ப் பெண் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பெரிய திரையின் நடுவில் சிவப்புக் கட்டம் ஒன்று விட்டுவிட்டு மின்னியது. கட்டத்துக்குள் தமிழ் எழுத்து.

நான் வருவதற்கு முன் நடந்ததைப் பிறகு அந்தப் பெண்தான் சொன்னாள். கட்டத்தை முதலில் பார்த்தது அவள். தமிழ் என்று தெரிந்ததும் எஞ்சினியரைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்திருக்கிறார். அதற்குள் டைரக்டரும் வந்துவிட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டபோது எஞ்சினியர், இது தமிழ்தான், ஆனால் இப்போது புழக்கத்தில் உள்ள தமிழ் இல்லை, மிகப் பழைய தமிழ் என்று சொல்லியிருக்கிறார். டைரக்டருக்கு அது போதுமானதாக இருந்தது. பழைய தமிழ் என்றால் சங்கேத மொழி. சங்கேத மொழி என்றால் தாக்குதல். சைபர் போலீஸுக்குப் போன் போனது. அப்போதுதான் யாரோ, மக்கள் தொடர்புச் சேச்சி மதியம் தமிழ்ப் புத்தகம் வாசிப்பார்களே என்று என்னை நினைவுபடுத்தியிருக்கிறார்கள்.

டைரக்டர் திரையைக் காட்டினார். எஞ்சினியர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். நான் உரக்கப் படித்தேன்.

"தொட்டி நிரம்பிவிட்டது. உடனே மோட்டாரை நிறுத்தவும். இல்லையேல் சேதம் ஏற்படும்."

பிறகு அதையே மலையாளத்தில் மொழிபெயர்த்தேன். அந்த அறையில், அத்தனை முகங்களுக்கு நடுவே, நிறுத்தி நிதானமாகச் சொன்னபோது அது எனக்கே மிரட்டலாகத்தான் கேட்டது. 'இல்லையேல்' என்ற இடத்தில் குரலைச் சற்றுத் தாழ்த்திவிட்டேன் போலிருக்கிறது. கண்ணூர்ப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தொட்டி நிரம்பியிருக்குமோ என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. திரையின் ஓரத்தில் தொட்டியின் படம் விளிம்புவரை நீலமாக இருந்தது. ஆனால் திரையில் தெரிவதை நம்பக்கூடாது என்பதுதான் பாடம். டைரக்டர் அதை எங்களுக்கு நினைவூட்டினார். பிறகு, எவனோ பயமுறுத்துகிறான் என்று இந்த நகரத்து மக்களின் தண்ணீரை நிறுத்துகிறவன் நான் இல்லை, மோட்டார் ஓடட்டும் என்றார். நல்ல வாக்கியம். சொல்லும்போது நிமிர்ந்து நின்றார். எனக்குக்கூட அப்போது அவர்மேல் ஒரு மரியாதை வந்தது.

சைபர் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். திரையைப் படம் எடுத்தார்கள். எதையும் தொடக்கூடாது, எல்லாம் ஆதாரம் என்றார்கள். அவர்களில் மூத்தவர் செய்தியை மொழிபெயர்த்தது யார் என்று விசாரித்து என்னைத் தனியாக அழைத்தார். வீடு எங்கே என்று கேட்டார். கிழக்கேகோட்டை என்றேன். அது இல்லை, சொந்த ஊர் எது என்று கேட்டார். நாகர்கோவில் என்றேன். அவர் பேனா ஒரு கணம் நின்று, பிறகு எழுதியது. தமிழ்நாட்டில் நெருங்கிய உறவினர் யாராவது நீர்ப்பாசனத்தில் வேலை செய்கிறார்களா என்று அடுத்த கேள்வி. ஒன்றுவிட்ட அத்தான் ஒருவர் வில்லுக்குறியில் வாழைத்தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவார், அவ்வளவுதான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

என் மேஜைக்குத் திரும்பியபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. தொட்டிக்குக் கீழே இருக்கும் வீட்டிலிருந்து ஒரு அம்மா. காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாராம், எடுக்க ஆளில்லையாம். தொட்டியின் நாலு பக்கமும் அருவிபோலத் தண்ணீர் கொட்டுகிறது, கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் நனைந்துவிட்டது, தெருவில் ஆட்டோ போக முடியவில்லை, பக்கத்து வீட்டு மதில் இப்போதே சாய்ந்தாற்போல் இருக்கிறது என்றார். கோபம்கூட இல்லை அவர் குரலில். களைத்துப்போயிருந்தார்.

"அந்த மோட்டர் ஒந்நு நிறுத்தான் ஆருமில்லே அவிடே?" என்று கேட்டார்.

மோட்டாரை நிறுத்த அங்கே யாருமே இல்லையா என்று அவர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் காலையில் கம்பீரமாக வாசித்ததைத்தான் இந்த அம்மா சாதாரணமாகச் சொல்கிறார். இதோ பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

அறையில் டைரக்டரும் போலீஸ்காரர்களும் வட்டமாக நின்று யாரோ மேலதிகாரியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எஞ்சினியரின் பக்கத்தில் போய் நின்று தமிழில் தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"சார், டேங்க் நெறஞ்சு வழியுது. கீழ உள்ள வீட்டிலேருந்து போன் வந்தாச்சு. யாரும் மிரட்டல்ல. அந்த கம்ப்யூட்டர்தான் நெறஞ்சுட்டு, நிறுத்துன்னு சொல்லுது."

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சரி, அதை அது எதுக்காக்கும் தமிழ்ல சொல்றது?"

அது எனக்கும் தெரியவில்லை. அவர் வராந்தாவுக்குப் போய், பம்ப் ஹவுஸுக்குப் போன் செய்து, சுவிட்சைக் கையாலேயே அணைக்கச் சொன்னார். டைரக்டரிடம் கேட்கவில்லை. பிறகு அந்த சாஃப்ட்வேரை எங்களுக்குச் செய்து கொடுத்த கோயம்புத்தூர்க் கம்பெனிக்குப் போன் செய்து, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார். எதிர்முனையில் ஒரு இளைஞன். ஏக மரியாதை. முந்தின நாள் சாயங்காலம் புது வெர்ஷன் ஏற்றினார்களாம். தமிழ்நாட்டில் ஒரு நகராட்சிக்காகச் செய்தது கைமாறி எங்களுக்கு வந்துவிட்டதாம். இன்றைக்கே இங்கிலீஷுக்கு மாற்றிவிடுகிறேன் என்று மன்னிப்புக் கேட்டவன், கடைசியில் சந்தேகமாக ஒன்று கேட்டான்.

"மெசேஜ் வந்த உடனே மோட்டாரை நிறுத்திட்டீங்கல்லங்க சார்?"

எஞ்சினியர், அதெல்லாம் நிறுத்தியாச்சு என்று போனை வைத்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் ஒரு மதில் சாய்ந்த கதையாகப் போயிருக்கும். ஆனால் விஷயம் அதற்குள் டிவிக்குப் போய்விட்டது. தலைநகரின் குடிநீரில் சைபர் தாக்குதல், அண்டை மாநிலத்தின் கை உண்டா என்று சிவப்பு எழுத்தில் ஓடியது. அணை விவகாரத்தில் நிபுணர் என்று ஒருவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். அவர் பதிலும் சொன்னார். பார்த்தவர்களெல்லாம் எழுந்து போய்க் குழாயைத் திறந்தார்கள். என் கணவர் எனக்குப் போன் செய்து, குடம், பக்கெட், இரண்டு குக்கர், விருந்துக்கு மட்டும் எடுக்கிற அண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைத்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். நகரம் முழுக்க இப்படி ஆளுக்கொரு அண்டா. காலையில் வழிந்த தொட்டி பிற்பகலுக்குள் வறண்டது.

திரையில் கட்டம் மறுபடி வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "தொட்டி காலியாக உள்ளது. மோட்டாரை இயக்கவும்" என்று இந்த முறை முடிந்தவரை சப்பென்று வாசித்தேன். ஆனால் இயக்க முடியவில்லை. கையால் யார் சுவிட்சை அணைத்தது என்று போலீஸ்காரர்கள் கோபித்துக்கொண்டு, பம்ப் ஹவுஸ் பேனலுக்குத் துணி சுற்றி அரக்கு வைத்திருந்தார்கள். அந்த முத்திரையை உடைக்க மேலிடத்து உத்தரவு வேண்டும். மேலிடம் மீட்டிங்கில் இருந்தது. மீட்டிங் சைபர் தாக்குதலைப் பற்றி. சாயங்காலம்வரை பாதி நகரத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எந்தத் தாக்குதல்காரனும் இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டான்.

எஞ்சினியர் சொல்லி உண்மை தெரிந்த பிறகு டைரக்டர் சற்று நேரம் தனியாக இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, நடந்ததைத் தப்பில்லாமலும் நல்லபடியாகவும் எழுத வேண்டும் என்றார். இரண்டும் ஒன்றாகச் சேரும் வார்த்தையை நாங்கள் இருவரும் தேடினோம். கடைசியில் அவர்தான் கண்டுபிடித்தார்: ஒத்திகை. இப்படி ஒரு தாக்குதல் நடந்தால் பணியாளர்கள் எப்படிச் செயல்படுவார்கள் என்று சோதிக்க நடத்தப்பட்ட ஒத்திகை, முழு வெற்றி. பொதுமக்கள் அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி. நான் நன்றாகவே எழுதினேன். பத்திரிகைகள் ஒரு வார்த்தை மாற்றாமல் போட்டன. பிறகு நடந்த ஒரு கூட்டத்தில் முன்மாதிரி ஒத்திகைக்காக எங்கள் டைரக்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கோட்டு போட்ட அந்த வகுப்புக்காரரும் மேடையில் இருந்தார். எல்லோரும் கைதட்டினோம்.

கூட்டம் முடிந்து நானும் எஞ்சினியரும் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தம்வரை சேர்ந்து நடந்தோம். அன்றைக்குத் தான் ஏன் பழைய தமிழ் என்று சொன்னார் என்று நான் கேட்கவே இல்லையே என்று அவரே ஆரம்பித்தார். கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றேன்.

"எனக்கு எழுத்து தெரியாது கேட்டேளா. ஆத்துல தமிழ் பேசுவோம், பள்ளிக்கூடத்துல மலையாளம். யாரும் சொல்லித் தரல்லை, நானும் கேக்கல்லை. அன்னிக்கு அத்தனை பேரும் தமிழாளு வந்தாச்சுன்னு என் மூஞ்சியையே பாத்துண்டிருந்தா. தெரியாதுன்னு சொல்ல நாக்கு எழும்பல்லை. பழைய தமிழ்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டான்னு தோணித்து."

"பரவால்ல சார். நீங்க வாசிக்காம விட்டதுல பாதிப் பேருதான் பயந்தாங்க. நான் வாசிச்சதும் எல்லாரும் பயந்தாச்சு."

அவர் நின்று, குடையை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பஸ் வந்தது. ஏறும்போது படியில் நின்றபடி திரும்பி, நான் வாசித்தது ரேடியோவில் செய்தி வாசிக்கிறாற்போல நன்றாகத்தான் இருந்தது என்றார்.