புல்லுருவி: இரண்டாம் பொருள்

ஆங்கிலம்-தமிழ் அகராதி அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மெய்ப்பக்கா. மெய்ப்புப் பார்ப்பது, அதாவது அச்சுக்குப் போகும் தாளில் பிழை தேடுவதுதான் வேலை. கணவர் விட்டுப் போனதிலிருந்து, பதினாறு வருடமாகத் தம்பி வீட்டுப் பின்னறையில் வாசம்.

அன்று காலை, தம்பி மகளின் படிப்பு மேசையை எங்கே போடுவது என்று பேச்சு வந்தது.

"என் அறையில போட்டுடலாமே" என்றார் அக்கா.

தம்பிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அது யாரு அறை? புல்லுருவி மாதிரி ஒட்டிக்கிட்டு, இதுல எனக்கு இடம் வேற ஒதுக்கித் தரியாக்கா?"

"என்னங்க பேச்சு இது!" என்று அவன் மனைவி பதறினாள். அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அலுவலகத்தில் அந்த வார்த்தையே மண்டையைக் குடைந்தது. முறைப்படி அவர் மேசைக்கு வர இன்னும் ஒரு மாதம் ஆகும், புல்லுருவிக்கான ஆங்கிலச் சொல் 'மிசில்டோ' உள்ள தாளை அவரே தேடி எடுத்தார். 'புல்லுருவி. 1. மரக்கிளையில் வேரூன்றி அதன் சாற்றை உறிஞ்சும் செடி. 2. பிறரை அண்டிப் பிழைப்பவர்.' கீழே சொல் பிறந்த கதை: பழைய ஆங்கிலத்தில் பின்பாதிக்குச் சுள்ளி என்று பொருள், முன்பாதி பறவை எச்சத்தைக் குறிக்கலாம் என்பது சிலர் கருத்து. பழத்தைத் தின்ற பறவை கிளையில் எச்சமிட, அதிலிருந்த விதை அங்கேயே முளைக்கிறது.

விதையா கிளையைத் தேர்ந்தெடுத்தது? அவருக்குக் கண் கலங்கியது.

எட்டிப் பார்த்த அகராதி ஆசிரியருக்கு விஷயம் அரைகுறையாகப் புரிந்தது. "இரண்டாவது பொருளை வேணும்னா எடுத்துடலாம்மா. தமிழ்ச் சொல்லுக்கு உண்டு, ஆங்கிலச் சொல்லுக்கு இல்லையே."

"அதுக்காக எடுக்கறதுன்னா எடுங்க ஐயா. எனக்காக வேண்டாம். வழக்குல இருக்கற சொல்லுதான். காலையில கூட கேட்டேன்."

அந்த வாரமே பக்கத்துத் தெருவில் ஒற்றை அறை பார்த்துக் குடிபோனார். மூன்றாம் நாள் தம்பி வந்து வாசலிலேயே நின்றான்.

"வீட்டுக்கு வாக்கா. ஏதோ வாய் தவறி..."

"உள்ள வா. டீ போடறேன்."

இருந்த ஒரே நாற்காலியில் அவனை உட்காரவைத்தார். அவன் டீயைக் குடித்து முடித்தான். போகும்போது, "அந்த அறை அப்படியேதான்க்கா இருக்கு" என்றான்.

"மேசையைப் போட்டுடு. பிள்ளைக்குப் பரீட்சை வருது."

அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். கூப்பிட்டுவிடலாமா என்று தோன்றியது. கூப்பிடவில்லை.