அலையிலும் உண்டு கடைமடை

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் தம்பி கடலில் இறங்கினான்.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். செய்திதான். புரட்டாசிக் கடைசியிலிருந்து இந்த மாசி வரை அவன் காலில் உப்புத் தண்ணீர் படவில்லை. வாரம் தவறாமல் கடற்கரைக்குப் போனான். மணலில் நின்றான். பார்த்தான். திரும்பி வந்தான். அப்படி நிற்கச் சொன்னவர் ஒரு மீனவர். ஏன் சொன்னார் என்பதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப்போகிறேன்... தம்பி படித்தால் கோபப்படுவான். படட்டும்.

முதலில் தம்பியைப் பற்றி. பெயர் சேகர். குத்தாலத்தில் எங்கள் அப்பாவின் நிலத்தை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். கூடவே ஒரு நெல் அரவை மில். அதற்கு முன்னால் பல வருடம் சிங்கப்பூரில் வேலை. அங்கிருந்து ஊர் திரும்புகிறவர்கள் டிவி கொண்டு வருவார்கள், தங்கம் கொண்டு வருவார்கள். இவன் ஒரு பலகை கொண்டு வந்தான்! அவனைவிட நீளமான பலகை. அதன்மேல் நின்றுகொண்டு, உயரமான துடுப்பால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் போக வேண்டும். அலை வந்தால் அதே பலகையில் சறுக்கிக்கொண்டு கரைக்கு வரலாம்.

“நாப்பது தாண்டியாச்சு, இது தேவையாடா?” என்று கேட்டேன்.

“மனசுக்கு நல்லாயிருக்குக்கா” என்றான். குடிக்கிறானா, சீட்டாடுகிறானா? போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு ஆனால் பலகையைக் கார் மேல் கட்டிக்கொண்டு தரங்கம்பாடிக்கு வடக்கே ஒரு மீனவ ஊருக்குப் போவான். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே வனிதா என்று ஒரு பெண் இருக்கிறாள். அந்த ஊர்ப் பெண்தான். சின்னப் பலகையில் அலை ஏறுவதில் கெட்டிக்காரி. உள்ளூர்ப் பெண்களுக்கும் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறாள். அதுதான் அவளுக்குப் பிழைப்பு.

புரட்டாசிக் கடைசியில் ஒரு விசேஷத்துக்காகக் குத்தாலம் போயிருந்தேன். மறுநாள் ஞாயிறு. “வாக்கா, ஒரு நாளாவது வந்து பாரு” என்று இழுத்துக்கொண்டு போனான். பிளாஸ்கில் காபியோடு மணலில் உட்கார்ந்தேன்.

கடலில் அலை ஏறுவதற்கும் ஒழுங்குமுறை உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஒரு அலைக்கு ஒரு ஆள். அலை எங்கே உடையத் தொடங்குகிறதோ, அந்த இடத்துக்கு யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவருக்குத்தான் அந்த அலை. மற்றவர்கள் குறுக்கே வராமல் ஒதுங்க வேண்டும். நியாயமாகத்தானே இருக்கிறது?

ஆனால் பாருங்கள், சின்னப் பலகைக்காரர்கள் அலை நன்றாக எழும்பி உடையும்வரை காத்திருக்க வேண்டும். அப்போதுதான் அது அவர்களைத் தூக்கும். என் தம்பியின் பெரிய பலகைக்கு அந்தக் கவலை இல்லை. கையில் துடுப்பு வேறு. எல்லாருக்கும் அப்பால் போய் நின்றுகொள்வான். அலை இன்னும் வெறும் மேடாக வரும்போதே நாலு தள்ளு தள்ளி அதில் ஏறிவிடுவான். அந்த அலை வனிதாவும் அவளிடம் படிக்கிற பெண்களும் இருக்கும் இடத்துக்கு வரும்போது, மேலே ஏற்கெனவே ஐயா நின்றுகொண்டிருப்பார். அவர்கள் ஒதுங்குவார்கள். அடுத்ததும் அவன். அதற்கடுத்ததும் அவன். விதிப்படி எல்லாமே சரி!

எனக்குச் சுருக்கென்றது.

ஏன் தெரியுமா? நான் பிறந்தது குத்தாலத்தில். வாய்க்கால் தலைப்பிலேயே எங்கள் வயல், தலைமடை. பிறந்த வீட்டில் நான் தண்ணீருக்குக் காத்திருந்து பார்த்ததே இல்லை. கட்டிக்கொடுத்தது திருத்துறைப்பூண்டிப் பக்கம். கடைமடை. மேலே இருக்கிற அத்தனை வயலும் குடித்து மிச்சம் இருந்தால்தான் எங்களுக்கு. புகுந்த வீட்டில் காத்திருப்பதுதான் எனக்கு விவசாயம். மேலே இருக்கிறவர்கள் கெட்டவர்களா? இல்லை. போய்க் கேட்டால் நல்லபடியாகத்தான் பேசுவார்கள். “இந்த ஒரு வயல் மட்டும் பாஞ்சுடட்டுங்க...” என்பார்கள். அந்த ஒரு வயல் பாய்வதற்குள் எங்கள் நாற்று தலை சாய்ந்துவிடும்.

வனிதா கரைக்கு வந்தாள். மூச்சு வாங்கியது. தம்பியும் அப்போதுதான் ஒரு அலையில் சறுக்கி வந்து இறங்கினான்.

“அண்ணே, நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். ஒண்ணு எடுத்தா ரெண்டு விடுங்க. உள்ள இருக்கிற பொண்ணுங்க காலையிலேருந்து சும்மா மிதக்குதுங்க.”

“முதல்ல புடிக்கிறது நான்தானே வனிதா? ரூல் அதுதானே?” என்று சிரித்தான்.

“ரூல் அதுதாண்ணே. உங்க பலகைக்கு எல்லா அலையும் முதல் அலைதான். அதுக்காக எல்லாத்தையும் எடுத்துப்பீங்களா?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். இவனுக்கு உறைக்கவில்லை. “சரி சரி” என்று தலையாட்டிவிட்டுத் திரும்பவும் உள்ளே போய்விட்டான். அவள் என்னைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் படகுகள் திரும்பத் தொடங்கின.

கடலுக்குப் போன ஃபைபர் படகு நேரே கரைக்கு வந்துவிடாது. அலை உடையும் இடத்துக்கு அப்பால் நிற்கும். இன்ஜின் பிடிக்கிறவர் பின்னால் திரும்பிப் பார்ப்பார். பெரிய அலைகளைப் போகவிடுவார். தோதான அலை வந்ததும் வலது கையைத் தலைக்கு மேல் தூக்குவார். அந்தக் கை தூக்கியாயிற்று என்றால், குளிக்கிறவர்கள், பலகைக்காரர்கள், எல்லாரும் வடக்கே ஒதுங்கிவிட வேண்டும். அந்த ஊர் வழக்கம் அது. படகு அந்த அலையின் முதுகில் ஏறி, கரை தட்டும்வரை வேகம் குறையாமல் வரும். குறைந்தால் தொலைந்தது. பின்னால் வருகிற அலை படகைத் தூக்கிக் குறுக்கே போட்டுவிடும். படகுக்கு பிரேக் கிடையாதே.

முதல் படகில் இன்ஜின் பிடித்தவர் தங்கராசு. வனிதாவுக்குத் தாய்மாமன். கை தூக்கினார். கடலில் இருந்த பெண்கள் எல்லாரும் வடக்கே ஒதுங்கிவிட்டார்கள். என் தம்பி ஒதுங்கவில்லை.

“அண்ணே! படகு வருது! வாங்கண்ணே!” என்று வனிதா தொண்டை கிழியக் கத்தினாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். பார்க்கவில்லை என்று சொல்லவே மாட்டேன், நானே என் கண்ணால் பார்த்தேன். ஒரு விரலைக் காட்டினான். “இது ஒண்ணு மட்டும்!”

அதே அலையில்... படகுக்கு முன்னால் ஏறிவிட்டான்.

படகு வருவதற்குள் கரை சேர்ந்துவிடலாம் என்று நினைத்தானாம். பாதி வழியில் பலகை ஆடியது. விழுந்தான். நேர் எதிரே அவன் தலை. தங்கராசு என்ன செய்வார்? இன்ஜினை அணைத்துப் படகை ஒடித்துத் திருப்பினார். பின்னால் வந்த அலை அதற்குத்தான் காத்திருந்த மாதிரி படகைப் புரட்டிப் போட்டது. கூட இருந்த இரண்டு பேர் தூர விழுந்து எழுந்துவிட்டார்கள். தங்கராசுவின் வலது தோள் மட்டும் படகு விளிம்புக்கும் மணலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. அவர் போட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. இன்னும் சில ராத்திரிகளில் அது எனக்குக் கேட்கிறது.

படகைத் தூக்கியவர்களில் தம்பியும் இருந்தான். அவன் மேல் ஒரு கீறல் இல்லை.

மயிலாடுதுறையில் ஆபரேஷன் ஆயிற்று. எலும்பு சேர்ந்துவிடும், நரம்பும் அடிபட்டிருக்கிறது, கை பழையபடி மேலே எழுமா என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரோடு சாய்ந்து நின்றான். “இது ஒண்ணு மட்டும்னுதான்க்கா நெனச்சேன்” என்று அழுதான். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது. அந்த வார்த்தையை எத்தனை பேர் வாயில் கேட்டிருக்கிறேன்!

தங்கராசு வீட்டுக்கு வந்ததும் ஊர்க் கூட்டம் போட்டார்கள். மீன் ஏலம் விடுகிற கூடத்தில். தம்பியைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் கூடப் போனேன்.

ஊரே கொதித்துப் போயிருந்தது. பலகைகளே இனி இந்தக் கடலில் இறங்கக் கூடாது என்று பாதிப் பேர். வனிதா ஒரு தூணோரம் நின்றிருந்தாள். அவள் பிழைப்பும் அதில் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். பஞ்சாயத்தார் தங்கராசுவைப் பார்த்தார்கள். கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

“பலகை என்னங்க பண்ணுச்சு?” என்றார். “கையத் தூக்குனதும் பொண்ணுங்க அத்தனையும் ஒதுங்கிடுச்சுங்க. அதுங்கள ஏன் நிறுத்தணும்?”

பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீங்க கெட்டவரு இல்ல. ஆனா உங்களுக்குக் காத்திருந்து பழக்கமில்ல. நான் திரும்பக் கடலுக்குப் போற அன்னைக்கு நீங்களும் எறங்குங்க. அதுவரைக்கும் மணல்ல நில்லுங்க.”

“அவ்ளோதானா?” என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

“அவ்ளோதான்.”

தம்பி தலையைத் தூக்கவே இல்லை. குரல் மட்டும் வந்தது. “உங்களால போகவே முடியலன்னாண்ணே?”

தங்கராசு அவனைப் பார்த்துச் சொன்னார்.

“அப்ப ரெண்டு பேருமே மணல்லதான் நிப்போம்.”

அவ்வளவுதான், கூட்டம் கலைந்தது. வெளியே வந்து காரில் உட்கார்ந்தவன் வெகுநேரம் வண்டியை எடுக்கவில்லை. திட்டினாலும் அடித்தாலும் தாங்கியிருப்பான் போலிருக்கிறது. இதைத் தாங்க முடியவில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையிலும் போய் நின்றான். தை அறுவடையில் மில்லில் தலைக்கு மேல் வேலை, அப்போதும் போனான். பலகை வீட்டுக் கொல்லையில் கிடந்தது. முதலில் அவனும் தங்கராசுவும் ஆளுக்கொரு பக்கம் நின்றிருக்கிறார்கள். போகப் போகப் பக்கத்தில். பேச்சு அதிகமில்லை. தங்கராசு ஏலக் கூடத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்து மேலே நகர்த்திப் பழகுவாராம். இவன் பார்த்துக்கொண்டு நிற்பானாம். ஒவ்வொரு ஞாயிறும் நான் போனில் கேட்கும் முதல் கேள்வி, “கை எதுவரைக்கும் ஏறுச்சுடா?”

“நெஞ்சு வரைக்கும்க்கா.”

பல வாரம் அதே பதில்தான்.

போன வாரம் அவனே போன் செய்தான். “ஞாயித்துக்கெழம தங்கராசு அண்ணன் கடலுக்குப் போறாருக்கா. நீ வா.” உடனே போனை வைத்துவிட்டான்.

போனேன். படகுகள் திரும்பும் நேரம். தங்கராசு வீட்டம்மா மணலில் நின்றிருந்தார். பேச்சுக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. தம்பி தண்ணீர் தொடாத தூரத்தில் பலகையோடு நின்றான். படகு வந்தது. அலைக்கு அப்பால் நின்றது. அப்போதுதான் கவனித்தேன், இன்ஜின் பிடித்திருப்பவர் தங்கராசு இல்லை, அவர் மச்சான். தங்கராசு முன்னால் நின்றிருந்தார்.

கை உயர்ந்தது. இடது கை. வலது கை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பலகைகள் எல்லாம் வடக்கே ஒதுங்கின. படகு அலையின் முதுகில் ஏறி வந்து மணலில் தட்டியது. தங்கராசு மெல்ல இறங்கினார். அவர் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஒரு மனிதர் கடலுக்குத் திரும்பிவிட்டார், ஆனால் இன்ஜினுக்குத் திரும்பவில்லை. இனித் திரும்புவாரா என்பது யாருக்கும் தெரியாது. மன்னிப்புக் கேட்டால் சரியாகிவிடும் என்கிறீர்களா? அந்தக் கையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

“என்ன தம்பி, எறங்கலையா?” என்றார் தங்கராசு.

“எல்லாப் படகும் வந்துரட்டும்ணே.”

எல்லாப் படகும் வந்த பிறகுதான் இறங்கினான். துடுப்புப் போட்டு வழக்கம்போல எல்லாருக்கும் அப்பால் போய் நின்றான். மறுபடியுமா?

அலை ஒன்று எழும்பி வந்தது. நல்ல அலை. அவன் காலடியில்தான் முதலில் வந்தது. அவன் துடுப்பைத் தூக்கிப் பலகைமேல் குறுக்கே வைத்துக்கொண்டான். அலை அவனைத் தூக்கி இறக்கிவிட்டுப் போயிற்று. உள்ளே இருந்த ஒரு பெண் அதில் ஏறினாள். அடுத்ததையும் விட்டான். அதற்கடுத்ததையும்.

“இது ஒண்ணு மட்டும் எடுத்துக்குங்கண்ணே!” என்று வனிதா உள்ளேயிருந்து கத்தினாள். கேலியா, பிரியமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் தலையை அசைத்தான், வேண்டாம் என்று.

கரைக்குத் திரும்பும்போதும் அவன் அலையில் ஏறவில்லை. இரண்டு அலைகளுக்கு நடுவில் இடம் பார்த்து, துடுப்புப் போட்டே வந்து சேர்ந்தான்.

தலைமடைக்காரன் ஒருவன் தண்ணீரைக் கீழே விட்டு நான் பார்த்தது, இந்த வயசில், அதுதான் முதல் தடவை.