பயந்தவர்கள் முதலில்

நிதானம் என்பது அவளுடைய பெயர் இல்லை. அப்பாவின் டிரைவிங் ஸ்கூலில் கார் பழக வந்தவர்கள் வைத்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு வாய் ஓயாமல் "நிதானமா, நிதானமா" என்று சொல்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? வீட்டில் இந்தப் பெயர் காதில் விழுந்தால் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்காது. சாவி எங்கே, செருப்பு எங்கே, போன் எங்கே என்று தினம் காலையில் வீட்டையே தலைகீழாக்கிவிட்டுத்தான் மகாராணி வேலைக்குக் கிளம்புவாள்.

காரில் ஏறி உட்கார்ந்துவிட்டால் மட்டும் ஆளே வேறு. அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அதை மிதிப்பதைக் கேவலமாக நினைத்தாள். பழகுகிறவர் சாக்கடை ஓரம் வரைக்கும் போனாலும் குரலை உயர்த்தாமல், "அங்க பார்க்காதீங்க, போகவேண்டிய இடத்தைப் பாருங்க" என்பாள். வண்டி தானாகத் திரும்பிவிடும். காலையில் நாலு பேர் வந்தால், யார் முகம் வெளுத்திருக்கிறதோ அவர்தான் முதலில் ஸ்டியரிங்கைப் பிடிக்கவேண்டும். பயந்தவரைப் பின்சீட்டில் காக்கவைத்தால் பயம் குட்டி போடும் என்பது அவள் கட்சி. அப்பாவும் அதே கட்சிதான். சொல்லப்போனால் கட்சியைத் தொடங்கியவரே அவர்.

மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடித்துவிட்டு, வேலை கிடைக்கிற வரைக்கும் ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அந்த ஒற்றை அறை ஆபீசில் வந்து உட்கார்ந்தவள். வருஷங்கள் ஓடிவிட்டன. அப்போதுதான் விடுமுறைக்கு வந்த கடற்படை அதிகாரி ஒருத்தி கார் பழக வந்து சேர்ந்தாள். கப்பலின் எஞ்சின் அறையையே கட்டி மேய்க்கிறவளுக்குக் கிளட்ச் மட்டும் வசப்படவில்லை. சிக்னலுக்குச் சிக்னல் வண்டியை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரிப்புக்கு நடுவே கடலைப் பற்றியும், அந்த எஞ்சினைப் பற்றியும் சொல்வாள். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். ஆசையை இங்கே விட்டுவிட்டுப் போனாள்.

குறுகிய காலப் பணி அதிகாரி என்று ஒரு பிரிவு உண்டு. பத்து வருஷம் கடற்படையில் இருக்கலாம். அதன் பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். அதில் சேரப்போவதாக அவள் சொன்னதும் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சேரும்போதே எப்ப வெளிய அனுப்புவோம்னு சொல்ற வேலையா? அதுக்கப்புறம் என்ன பண்ணுவே?"

"அதுக்கப்புறம் நம்ம ஸ்கூலுக்கே வரேன்பா. கப்பல் ஓட்டினவ கத்துக்கொடுக்கிறான்னு போர்டு வச்சுக்கலாம்."

"கப்பலை நீ எங்கடி ஓட்டப்போறே? நீ எஞ்சின் பக்கம்தானே?" என்று அம்மா ஒரு போடு போட்டாள். அம்மாவுக்கு உள்ளூரப் பெருமை. அதை இப்படித்தான் காட்டுவாள்.

கடற்படைத் தேர்வுக்கு முதல் தடவை போனபோது நிதானத்தின் மூக்கு நன்றாக உடைந்தது. தேர்வுக்குத் தயார் செய்கிற பயிற்சி நிலையத்துக்காரர்கள் தலைமைப் பண்பு, தலைமைப் பண்பு என்று ஓதி அனுப்பியிருந்தார்கள். அவளும் மைதானத்தில் நடந்த குழுச் சோதனையில் எல்லோரையும்விட உரக்கக் கத்தினாள்; தடையைக் கடக்கக் கொடுத்த பலகையைப் பக்கத்தில் இருந்தவள் கையிலிருந்து பிடுங்கினாள். பாவம், அவளுக்கு ஆட்களை அதட்டிக் கத்திப் பழக்கமே கிடையாது. தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். இரண்டாவது தடவை அழைப்பு வந்தபோது வயது வரம்பு கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. இதில் தவறினால் அப்புறம் விண்ணப்பிக்கவே முடியாது.

தேர்வு ஐந்து நாள். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, மார்பில் கட்டிய எண்தான். நிதானம் பதினொன்று. பக்கத்துக் கட்டிலில் ஏழு. கப்பலில் சரக்கும் சாப்பாடும் சம்பளமும் பார்க்கிற பிரிவுக்கு வந்திருந்த சின்ன உருவம். எழுத்துத் தேர்வுகளில் வெளுத்து வாங்கியவள், உயரம் என்றால் மட்டும் செத்துப்போவாள். முதல் நாள் மைதானத்தில் ஒரு கட்டையின் மேல் ஏறி நின்று, அப்படியே உறைந்துபோய், வந்த வழியே இறங்கிவிட்டாள். அன்றைக்கெல்லாம் அவள் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் ஒவ்வொருவராகத் தலைமை ஏற்கும் சோதனை. குறித்த நேரத்துக்குள் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு ஒரு டிரம்மைக் கொண்டுபோக வேண்டும். நடுவே தரையில் கால் படக்கூடாது. அங்கங்கே கம்பங்கள் நிற்கும். கையில் ஒரு பலகை, ஒரு கயிறு. உதவிக்கு இரண்டு பேரைத் தலைவியே பொறுக்கிக்கொள்ளலாம். புத்தியுள்ள எவளும் மூன்றாம் எண்ணைத்தான் கூப்பிடுவாள். அவள் கூடைப்பந்து ஆடுகிறவள், ஆறடி.

"யார் யார் வேணும்?" என்றார் தேர்வு அதிகாரி.

நிதானம் வரிசையைப் பார்த்தாள். எல்லோரிலும் வெளுத்திருந்த முகம் கண்ணில் பட்டது. காலை வகுப்பில் நிற்கிற நினைப்பில் வாய் முந்திக்கொண்டது.

"ஏழு."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. கடைசி வாய்ப்பு, அதில் போய்க் கட்டைமேல் நிற்கக்கூட முடியாதவளைக் கூப்பிட்டாயிற்று. மாற்றலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். ஏழின் முகத்தைப் பார்த்தால் அதற்கு மனம் வரவில்லை. இரண்டாவதாக மூன்றாம் எண்ணைக் கூப்பிட்டு, ஆகவேண்டியதைப் பார்த்தாள்.

கம்பங்களின் மேல் பலகையைப் போட்டாயிற்று. மூன்று அநாயாசமாகக் கடந்துபோய் மறுபக்கம் நின்றாள். நடுவில் ஏழு நின்றுவிட்டாள். பலகை அவளோடு சேர்ந்து ஆடியது.

"அக்கா, என்னால முடியாது."

"சரி, நில்லுங்க. அவசரமே இல்ல," என்றாள் நிதானம். அவசரம் எவ்வளவு என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அங்கே இல்லாத பிரேக்கை அவள் வலது கால் மண்ணில் அழுத்திக்கொண்டிருந்தது. "பலகையைப் பார்க்காதீங்க. அங்க மூணு நிக்கிறாங்க பாருங்க, அவங்க மூஞ்சியப் பாருங்க. நிதானமா ஒரு கால்."

ஏழு ஒரு காலை வைத்தாள். அப்புறம் இன்னொன்று. மறுகரையில் இறங்கியபோது அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. திரும்பி, கயிற்றைப் பிடித்து டிரம்மை இழுக்கத் தொடங்கினாள். டிரம் பாதி வழி வந்திருக்கும், நேரம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள்.

"எதுக்கு ஏழாம் நம்பரைக் கூப்பிட்டீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

பயிற்சி நிலையத்துப் பதில்கள் எதுவும் நினைவுக்கு வரவில்லை. "பழக்கம் சார். பயந்தவங்களைத்தான் நான் முதல்ல கூப்பிடுவேன்."

அவர் தலையாட்டிக்கொண்டு அடுத்த எண்ணைக் கூப்பிடப் போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொல்லி, "போச்சுப்பா" என்றாள். அழக்கூடாது என்றுதான் இருந்தாள், குரல் சொன்னபடி கேட்கவில்லை.

"போகட்டும் விடு. திங்கக்கிழமை புதுசா நாலு பேர் சேர்றாங்க, வந்துடு," என்றார் அப்பா. பிறகு கேட்டார்: "அந்தப் பொண்ணு தாண்டிட்டாளா?"

"தாண்டிட்டாப்பா."

"அப்புறம் என்ன."

அன்றைக்கு அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள். ஏழும் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

கடைசி நாள் முடிவு சொல்லும் அறையில் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். தேறியவர்கள் மெடிக்கலுக்கு, அதாவது உடல் பரிசோதனைக்கு, அங்கேயே தங்கவேண்டும்; தேறாதவர்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வாசலில் பஸ் நின்றது. நிதானம் பெட்டியைக் கட்டி, பயணத்துக்கான உடையையும் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அதிகாரி தேறியவர்களின் பட்டியலோடு உள்ளே வந்தார். முன்னுரை, பின்னுரை ஏதுமில்லை.

"ஏழு."

ஏழு அசையவில்லை, மரமாகி நின்றாள். கத்தியது நிதானம்தான். ஊரில் யாராவது லைசென்ஸ் வாங்கிவிட்டால் டிரைவிங் டெஸ்ட் மைதானத்தில் எப்படிக் கூத்தடிப்பாளோ அப்படியே பாய்ந்து, அந்தச் சின்ன உருவத்தை இடுப்போடு வாரித் தூக்கிச் சுற்றினாள். தனக்கும் ஒரு எண் இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம். மூன்றாம் எண்ணும் கைதட்டினாள். அதிகாரி ஏதோ சொன்னார். இன்னொரு தடவை சொன்னார். அந்தக் களேபரத்தில் யார் கேட்டது? கடைசியில் அவரே வரிசைக்குள் நடந்து வந்தார்.

"பதினொண்ணு, அவங்களைக் கீழ இறக்குங்க. மெடிக்கலுக்கு ரெண்டு பேரும் நடந்துதான் வரணும்."

நிதானத்துக்குப் புரியவில்லை. இடுப்பில் இருந்த ஏழுக்குத்தான் முதலில் புரிந்தது. அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள்.