கலங்கலில் மாட்டிக்கொண்ட டிரம்மர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் டீ குடிக்க எழுந்து போய்விடுகிற ஆள் நான். அம்மா தர்காவில் ஓதிக் கட்டிவிட்ட தாயத்தையே அரிக்கிறது என்று கழற்றிப் போட்டவன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசி. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கேசட் கடை வைத்திருந்தேன். சென்னையில் ‘மின்கம்பம்’ என்று ஒரு ராக் பேண்டு, எல்லாம் கல்லூரிப் பையன்கள், தமிழிலேயே பாடுவார்கள். அவர்கள் போட்ட ஒரே கேசட்டை நாடா தேயும்வரை கேட்டிருக்கிறேன், அதிலும் டிரம்ஸ் அடிக்கும் டேனி என்றால் எனக்கு உயிர்.

அந்தக் கார்த்திகையில் மானாம்பதியில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு மாப்பிள்ளையின் தம்பி அடம்பிடித்து அவர்களைக் கூட்டிவந்தான். நான் மதியமே கடையைச் சாத்திவிட்டுப் போய் மேடையை ஒட்டி இடம் பிடித்துவிட்டேன். எல்லோரும் வேனில் வந்துவிட்டார்கள், அதில் இடமில்லாமல் பஸ்ஸில் கிளம்பிய டேனியை மட்டும் காணோம். மைக் செட்காரர் டிரம்ஸுக்கும் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் கட்டியாயிற்று, அடிக்கத்தான் ஆள் இல்லை.

விளக்கு வைக்கும் நேரம் ஆனதும் மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. “இன்னாய்யா இது, மேளம் இல்லாத கச்சேரி? மூட்ட கட்டிக்கினு கெளம்புங்க. பாய், நீ கடையிலேர்ந்து சினிமா கேசட்டு எட்த்தாந்து போடு.”

எத்தனை நாள் ஏங்கிய கச்சேரி, அதை என் கையாலேயே கேசட் போட்டு நிறுத்துவதா? “ஒரே ஒரு பாட்டு பாடட்டும் நைனா, புடிக்கலன்னா நிறுத்திடலாம்” என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

பாடகர் பயந்துகொண்டேதான் ஆரம்பித்தார். நம்பினால் நம்புங்கள், இரண்டாவது வரியில் டிரம்ஸ் விழுந்தது. அடடா, என்ன அடி அது! கேசட்டில் கேட்டதெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்துவிட்டார்கள், கத்திய மாப்பிள்ளையின் அப்பாவே துண்டைச் சுழற்ற ஆரம்பித்தார். டேனி எப்படியோ பின்பக்கமாக வந்து ஏறிவிட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மூன்றாவது பாட்டில் சிம்பல் தட்டின் ஸ்க்ரூ கழன்று தட்டு சாய, நான்தான் ஓடி ஏறி முடுக்கினேன். நீலச் சட்டையில் கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தான், அவன் வேர்வை என் கையில் தெறித்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசிப் பாட்டு முடிந்து பார்த்தால் ஸ்டூலில் ஆள் இல்லை. சாப்பிடப் போயிருப்பான் என்று தேடிக்கொண்டிருக்கும்போதே ரோட்டில் டவுன் பஸ் வந்து நின்றது. அதே நீலச் சட்டையில் டேனி, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டி, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினான். “சாரிடா மச்சான், ஷோ போச்சா?” என்று பாடகரைக் கட்டிக்கொண்டு அழுதான். அவர் விளையாடாதேடா என்று சிரித்தார்.

கண்டக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். “சாலவாக்கத்தாண்ட ஏரி ரொம்பி, கலங்கல் தண்ணி ரோட்டு மேல போவுது சார். ஊர்க்காரங்க தண்ணிக்குக் கற்பூரம் கொளுத்தி, கெடா வெட்டி, பூச முடியாம வண்டிய வுடல. சாயங்காலத்துலேர்ந்து அங்கதான் நின்னோம். இந்தத் தம்பி கண்ண மூடிக்கினு முன்சீட்டுக் கம்பியில தட்டினதுதான், நிறுத்தவே இல்ல, ஒரே பேஜாரு.”

டேனியின் உள்ளங்கை இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதுவரை என்னைப் பார்த்தே இராதவன், நேராக என்னிடம் வந்தான்.

“தேங்க்ஸ்ணே. நீங்க அந்த ஸ்க்ரூவ முடுக்கலன்னா தட்டு என் மேலயே வுழுந்திருக்கும்.”

சொல்லிவிட்டு அவனே திகைத்துப்போய் வாயைப் பொத்திக்கொண்டான்.

அதற்குப் பிறகு எத்தனையோ கச்சேரி பார்த்தாயிற்று, அப்படி ஒரு அடியை நான் கேட்டதே இல்லை. ஆனால் இன்றைக்கும் எந்த மேடையில் டிரம்ஸ் சத்தம் கேட்டாலும், ஸ்டூலில் ஆள் இருக்கிறானா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.