பன்னீர் சோடா குடித்தவள்

அத்தை செய்த பிரியாணியால்தான் தெருவே வாந்தி பேதியில் விழுந்துவிட்டது என்று முத்தியால்பேட்டையில் பேச்சு கிளம்பியபோது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது.

அத்தை அப்பாவின் தங்கை. மாமா இறந்த பிறகு விசேஷங்களுக்குப் பிரியாணி செய்து கொடுத்துத்தான் மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். பேரனின் காதுகுத்துக்கும் அவளே அடுப்பேற்றினாள். தெருவே வந்து சாப்பிட்டது. தவளக்குப்பத்திலிருந்து நாங்களும் போயிருந்தோம்.

ஊர் திரும்பிய மறுநாள் தம்பி துவண்டு விழுந்தான். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பக்கத்துக் கட்டில்களில் அத்தை தெருக்காரர்கள் கிடந்தார்கள். அவளிடம் இனி யாரும் ஆர்டர் கொடுக்காதீர்கள் என்று யாரோ வாட்ஸ்அப்பில் வேறு அனுப்பிவிட்டார்கள்.

அத்தை தம்பியைப் பார்க்க வந்தாள். வார்டு வாசலைத் தாண்டவில்லை.

"கறி அன்னிக்கிக் காலையில வெட்டினதுதான் அண்ணி."

"புள்ள பொழச்சாப் போதும். நீ கெளம்பு," என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமலே.

எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அது எனக்குப் பெரிய குறை. இளநீரும் அம்மா மடியும் தம்பிக்கே போய்க்கொண்டிருந்தன.

அப்போதுதான் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். ஊசி போடவில்லை, நாடி பார்க்கவில்லை, கேள்விகள் மட்டும் கேட்டார். தம்பியிடம் கேட்டு முடித்து என் பக்கம் திரும்பினார்.

"நீயும் பிரியாணி சாப்பிட்டியா?"

"ரெண்டு வாட்டி வாங்கினேன். பச்சடியும் சாப்ட்டேன்."

"தண்ணி குடிச்சியா?"

"இல்ல, பன்னீர் சோடாதான். இவன்தான் காரம் காரம்னு கொழாத் தண்ணியா குடிச்சான்."

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அவளுக்குத்தான் ஒண்ணும் இல்லியே, அவள எதுக்கு டாக்டர் கேக்குறீங்க?"

"ஒண்ணும் இல்லாததாலதாம்மா கேக்குறேன். படுத்திருக்கிறவங்க எல்லாருமே பிரியாணி சாப்பிட்டோம்னுதான் சொல்றாங்க. நல்லா இருக்கிறவங்களும் அதையேதானே சாப்பிட்டிருக்காங்க? அப்ப வித்தியாசம் வேற எங்கியோ இருக்கு."

அவர் அத்தையின் தெருவுக்கும் போய், நோய் வராத வீடுகளாகப் பார்த்துக் கதவைத் தட்டினாராம். கேன் தண்ணீர் வாங்குகிற வீடுகளில் பிரியாணி சாப்பிட்டவர்கள்கூட நன்றாக இருந்தார்கள். தெருக்கோடியில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர் இருந்தார். அத்தையோடு பேச்சுவார்த்தை இல்லாததால் காதுகுத்துக்கே வராதவர். அவருக்கும் பேதி. குடித்தது குழாய்த் தண்ணீர். பிறகுதான் தெரிந்தது, முன்பு எதற்கோ தெருவைத் தோண்டியபோது குடிநீர்க் குழாய் உடைந்து, அதில் சாக்கடை கசிந்துகொண்டிருந்தது.

தம்பி தேறி வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனாள். வெகுநாள் கழித்து அன்றுதான் அத்தைக்கு ஓர் ஆர்டர் வந்திருந்தது. அம்மா நேராக அடுக்களைக்குள் போய், முறத்தை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பூண்டு உரிக்கத் தொடங்கினாள்.

"உடுங்க அண்ணி, நெகமெல்லாம் எரியும்," என்றாள் அத்தை.

அம்மா நிறுத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உரித்துக்கொண்டே இருந்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். "வெங்காயம் உரிச்சாத்தாம்மா கண்ணு எரியும். பூண்டுக்கு எதுக்கு அழுவுற?"

அத்தையும் ஒரு கை பூண்டை அள்ளிக்கொண்டு அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள்.