எண்பத்தைந்தாவது வண்டி

என் தம்பிக்கு வேகம் அளக்கிற வேலை. சாலைத் துறையில் இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறான். ஓரமாக நிறுத்திய வேனுக்குள், கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு, வேகத் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆள் தெரிந்துவிட்டால் எல்லாரும் நல்ல பிள்ளை ஆகிவிடுவார்களாம், அளவு கெட்டுவிடுமாம். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம் அது.

எங்கள் வீட்டு வாசலில் ஓடுகிற சாலைக்கு ஐம்பது என்று பலகை. ஒருத்தரும் அதை மதித்ததில்லை. எதிர்ப்பக்கம்தான் என் வீட்டுக்காரரின் சாவிக் கடை. பக்கவாதம் வந்ததிலிருந்து இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். கடந்து முடிக்கப் பதினாலு வினாடி. வளைவில் தலைகாட்டுகிற கார் ஐம்பதில் வந்தால் எங்கள் வாசலை எட்டவும் அதே பதினாலு. தம்பிதான் கடிகாரத்தோடு நின்று கணக்குப் பார்த்துச் சொன்னான். மனுஷர் தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போய்வந்தார். வீட்டில் சும்மா உட்காருவது அவருக்கு ஆகவே ஆகாது.

நாற்பதாகக் குறையுங்கள் என்று நான்தான் மனு எழுதினேன். வீடு வீடாக ஏறி அறுபது கையெழுத்து வாங்கினேன். மனு போனால் அளக்க வருவார்கள், அளந்தால் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது, பேசாமல் இரு என்றான் தம்பி. நான் கேட்டால்தானே.

அளக்க அவனையே அனுப்பினார்கள். மொத்தம் நூறு வண்டி. மெதுவாகப் போனதிலிருந்து வரிசையாக எழுதி, எண்பத்தைந்தாவது வண்டி எவ்வளவில் போனதோ கிட்டத்தட்ட அதையே சாலையின் வேகமாக வைப்பார்கள். பெரும்பாலானவர்கள் ஆபத்தில்லாத வேகத்தில்தான் ஓட்டுவார்கள் என்று துறைக்கு ஒரு நம்பிக்கை. எங்கள் சாலையின் எண்பத்தைந்தாவது ஆள் அறுபத்தொன்றில் போயிருந்தான். பலகையை அறுபதாக்கிவிட்டுப் போனார்கள். மனு கொடுத்த புண்ணியவதி நான்.

தம்பியை வாசலிலேயே நிறுத்தி வாய்க்கு வந்தபடி திட்டினேன். வேனை விட்டு இறங்கிக் கொஞ்ச நேரம் ஓரமாக நின்றிருந்தால் அத்தனை பேரும் பிரேக்கை மிதித்திருப்பார்களே, உனக்கு ரத்தமே இல்லையா என்றேன்.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். "அப்படி நின்னா அது அளவே இல்லக்கா" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அலுத்துப்போனது.

வளைவிலிருந்து வருகிற காருக்கு இப்போது சட்டப்படியே பன்னிரண்டு வினாடி போதும். வீட்டுக்காரர் இன்னும் ஒரு வாரம் போய்ப் பார்த்தார். எட்டாம் நாள் ஒரு லாரி அவர் சட்டையை உரசாத குறையாகப் போனது. மறுநாள் அவர் செருப்பைப் போடவில்லை. கடையை வேறொருத்தருக்குக் கொடுத்துவிட்டோம். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்ன பேசினாலும் உம் என்பதோடு சரி. எனக்குத் தாங்கவில்லை.

வருஷம் ஒன்று ஆனதும் மறு ஆய்வுக்குத் தம்பி வந்தான். வேலையை முடித்துவிட்டு உள்ளே வந்து, என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, படிவத்தைத் தொடைமேல் வைத்து எழுதினான். என்ன எழுதுகிறாய் என்று அவர் கேட்டார்.

"விபத்து எதுவும் இல்லைன்னு எழுதறேன் மாமா."

"சரிதான் மாப்ள. நான்தான் இப்ப ரோட்டையே தாண்டறதில்லையே."

தம்பியின் பேனா நின்றது. சாலை பாதுகாப்பானது என்று அடியில் அச்சாகியிருந்த வரிக்குக் கீழே ஒரு கையெழுத்துதான் பாக்கி. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போட்டான்.