வரிசையில் கீழே போன தெரு

ராஜகீழ்ப்பாக்கத்து ஈவ்லினுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடும் ஆப் ஒன்றில் வேலை. செய்ய வேண்டியதெல்லாம் ‘பேக்லாக்’ என்ற வரிசையில் கிடக்கும். மேலே இருப்பதை ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் எடுத்துச் செய்வார்கள், மற்றது காத்துக் கிடக்கும். எது மேலே, எது கீழே என்று முடிவு செய்வது ஈவ்லின்.

ஒருநாள் டிரைவர் ஜீவானந்தம் போன் செய்தார்.

“மேடம், முடிச்சூர்ல ஒரே பேர்ல மூணு தெரு கீது. மேப்பு எங்கியோ இட்டுகினு போவுது. வண்டி கூப்புடறவங்கள எந்த நகர்னு ஆப்புல கேக்கச் சொல்லுங்க.”

“கண்டிப்பா அண்ணா.” அன்றே அதை மேலே வைத்தாள்.

மறுவாரம் முதலீட்டாளர்கள் வருவதாக இருந்தது. மேனேஜர் சுகுமாருக்கு முகப்புத் திரை புதிதாக வேண்டும். “தெரு மேட்டர் ரெண்டு வாரம் கழிச்சு, அடுத்த ஸ்பிரின்ட்ல பாத்துக்கலாம்,” என்றார். அப்புறம் ஆஸ்பத்திரிகளுக்கான ரிப்போர்ட் வந்தது, அப்புறம் தள்ளுபடி கூப்பன். முதலில் வாதாடினாள். பிறகு அவளே அதைக் கீழே இழுத்துவிட்டாள்.

மார்ச்சில் சுகுமார், “பேக்லாக் ரொம்பப் பெருத்துடுச்சு. யாரும் தொடாததை எல்லாம் தூக்கிடு,” என்றார். மொத்தமாக அழித்தாள். என்னென்ன போகிறது என்று படித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு காலை, முடிச்சூரில் தையல் தைக்கும் முத்தாலம்மாளுக்கு மூச்சுத் திணறியது. கணவர் மாணிக்கவேல் ஆப்பில் வண்டி கூப்பிட்டார். வண்டி வந்துவிட்டதாகத் திரை சொன்னது. வாசலில் எதுவும் இல்லை. புதிதாகச் சேர்ந்த டிரைவர் அதே பெயருள்ள வேறொரு தெருவில் நின்றுகொண்டிருந்தார். போனில் வழி கேட்டு, முழங்கால் தண்ணீரில் சுற்றி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

“நான் சொன்னனே மேடம்,” என்றார் ஜீவானந்தம். போனை வைத்துவிட்டார்.

காலைக் கூட்டத்தில் ஈவ்லின், “இது நம்ம பேக்லாக்ல இருந்துச்சு. நான்தான் டெலீட் பண்ணேன்,” என்றாள்.

“அதை மெயில்ல எழுதாத,” என்றார் சுகுமார்.

எந்த நகர் என்று ஆப்பைக் கேட்க வைக்கும் வேலை அன்று சாயங்காலமே முடிந்தது. அவ்வளவு சின்ன வேலை. ஈவ்லின் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை முடிச்சூருக்குப் போய் மாணிக்கவேலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டார்: “அத்த வுட்டுட்டு வேற இன்னாம்மா செஞ்சீங்க?”

திரை, ரிப்போர்ட், கூப்பன் என்று சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார்.

“சரி, கெளம்பும்மா.”

பொங்கல் முடிந்ததும் பேக்லாக் பொறுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். இப்போது டெஸ்டிங் பிரிவில் இருக்கிறாள். அவள் இடத்துக்கு வந்த ஜெயஸ்ரீயிடம் பேக்லாக் மறுபடி நீண்டுகொண்டிருக்கிறது.